சனிக்கிழமை மூங்கில்

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு, எங்கள் தேவ்ஜான் கிராமத்திலிருந்து வந்த எட்டு லாரி மூங்கிலையும் ஆலை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மூங்கில் யார்டின் மேற்பார்வையாளர் தருலதா கொன்வர் அப்போது கையில் பாதி குடித்த டீயோடு நின்றிருந்தாள். அந்த டீ அப்படியே ஆறிப்போனது.

ஆலை என்றால் எண்ணெய் ஆலை. கச்சா எண்ணெயைக் காய்ச்சி பெட்ரோலும் டீசலும் பிரிக்கிற இடம். அதன் மதிலை ஒட்டி இப்போது இன்னொரு ஆலை எழும்பியிருந்தது. அது மூங்கிலைக் காய்ச்சி எத்தனால் எடுக்கும். அந்த எத்தனாலைப் பெட்ரோலில் கலப்பார்கள். எத்தனால் என்பது ஒருவகைச் சாராயம் என்று கேள்விப்பட்டு எங்கள் ஊர் ஆண்களில் சிலர் சந்தோஷப்பட்டதும், குடித்தால் கண் போய்விடும் என்று தெரிந்து முகம் தொங்கிப்போனதும் தனிக்கதை.

மூங்கிலைத் திருப்பி அனுப்பக் காரணம் சேறு. ஒவ்வொரு கழியின் ஓட்டைக்குள்ளும் குளத்துச் சேறு இறுகிக் கிடந்தது. சோதனைக்காகப் பத்துக் கழிகளை வெட்டு இயந்திரத்தில் விட்டதில் இரண்டு கத்திகள் மழுங்கிவிட்டன. பரிசோதனைக்கூடத்துப் பெண் வந்து வேறொன்றும் சொன்னாள். இரண்டு மாதம் தண்ணீரில் ஊறியதில் மூங்கிலின் சத்தெல்லாம் கரைந்து போயிருக்கிறது, இதைக் காய்ச்சினால் ஒன்றும் தேறாது என்றாள்.

புதிய ஆலையின் பொறுப்பாளர் ரிதுராஜ் தத்தா கவுகாத்திக்காரர், நாற்பதைத் தொடாத வயது. குரலை உயர்த்துகிற பழக்கம் அவருக்கு இல்லை. அதனாலேயே அவர் கோபப்பட்டால் எங்களுக்கு அதிகமாகப் பயம்.

"தரு அக்கா, மூங்கிலைக் குளத்துல போடச் சொன்னது யாரு?"

யார் சொன்னது என்று அவளுக்குத் தெரியும். அவள்தான் சொன்னாள். ஐப்பசி பிறந்ததும் ஊரைக் கூட்டி, ஒப்பந்தத்தில் 'பூச்சி அரிக்காத மூங்கில்' என்று போட்டிருப்பதைப் படித்துக் காட்டி, "உங்க மக வீட்டுக்குத் தூண் நடுறதுன்னா எப்படிக் குடுப்பீங்களோ, அப்படிக் குடுங்க" என்று பெருமையாகப் பேசியவள் அவள்தான். எங்கள் பக்கத்தில் ஊறப்போடாத மூங்கிலில் மாட்டுக்கொட்டகைகூடக் கட்ட மாட்டோம். இரண்டு மாதம் குளத்தில் கிடந்தால்தான் வண்டு தொடாது. மகள் வீட்டுக்கு என்று சொல்லிவிட்டாளே! நூற்று முப்பத்திரண்டு குடும்பமும் தோப்பில் உள்ளதிலேயே நல்லதாகப் பார்த்து வெட்டி, குளத்தில் அமுக்கி, மேலே கல்லும் வாழைத்தண்டும் பாரம் வைத்துக் காத்திருந்தார்கள். அன்று காலை லாரிகள் சொட்டச் சொட்ட உள்ளே நுழைந்தபோது அவளுக்கே தலைகால் புரியாத சந்தோஷம். ஆலை கேட்டதோ பச்சை மூங்கில். வெட்டின சூட்டோடு வர வேண்டியது. அதை ஒப்பந்தத்தில் யாரும் எழுதவில்லை, ஏனென்றால் மூங்கிலைக் குளத்தில் போடுவார்கள் என்று எழுதினவருக்குத் தெரியாது.

ஊர்க்காரர்கள் அவர்களாகச் செய்துவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தப்பியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"நான்தான் சார் சொன்னேன்," என்றாள்.

தத்தா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நிலைமையைச் சொன்னார். கொதிகலனை வியாழக்கிழமையே பற்றவைத்தாகிவிட்டது, இனி அணைக்க முடியாது. ஞாயிறு விடியற்காலை முதல் மூங்கில் உள்ளே போயாக வேண்டும். அதற்கு முன்பு இரவெல்லாம் அதைச் சில்லுச் சில்லாக வெட்ட வேண்டும். மலையடிவாரத்து ஒப்பந்தக்காரர் ஒருவர் ஐம்பது லாரி பச்சை மூங்கிலோடு தயாராக இருக்கிறார். ஆனால் அவர் ஒரு லாரிக்கு வரமாட்டார், வருஷம் முழுவதையும் கேட்கிறார். அவர் உள்ளே வந்தால், மூங்கில் கொடுக்கிற ஊர்களின் பட்டியலிலிருந்து தேவ்ஜான் போய்விடும். போனால் போனதுதான்.

"நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஆறு டன் பச்சை மூங்கில் யார்டுல இருந்தா, உங்க ஊரு பட்டியல்ல இருக்கும். அஞ்சு மணி அடிச்சா நான் அந்த ஆளுக்குப் போன் பண்ணிடுவேன். என்னால இவ்வளவுதான் முடியும்."

சரி என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. நாளை சனிக்கிழமை.

சனி, செவ்வாய், அமாவாசை மூன்று நாளும் எங்களில் யாரும் மூங்கிலில் கத்தி வைக்க மாட்டோம். வைத்தால் தோப்பு தேய்ந்துபோகும், வைத்தவர் வீட்டில் யாராவது ஒருவருக்கு ஏதாவது ஆகும். படித்தவன், படிக்காதவன், ஆலையில் சம்பளம் வாங்குகிறவன், தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதுகிறவன், எல்லாரும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்று. பொழுது சாய்ந்த பிறகும் வெட்டக் கூடாது. மார்கழி மாதம் எங்கள் பக்கம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். அவள் சைக்கிளை எடுத்தபோது மணி நாலு. ஆக வெள்ளிக்கிழமையும் முடிந்த மாதிரிதான்.

தருலதாவுக்கு இந்த ஆலை நேற்று வந்த உறவு இல்லை. அவளுக்குப் பதினாலு வயதில், சிவப்புக் கொடி கட்டிய குச்சிகளை வயலில் நட்டுக்கொண்டு நிலம் அளக்க ஆட்கள் வந்தார்கள். இரண்டு வருஷத்தில் அவள் குடும்பத்தின் வயலும் வீடும் ஆலைக்குப் போயின. அவளுடைய அப்பா வீட்டுக் கதவைக் கழற்றவில்லை, கூரையைப் பிரிக்கவில்லை. மூங்கில் புதர்களை மட்டும் வேரோடு தோண்டி, மாட்டுவண்டியில் ஏற்றி, மதிலுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து நட்டார். அந்த மனிதருக்குப் பைத்தியம் என்றார்கள். மூன்றாம் வருஷம் புதர் தழைத்ததும் அவர்களே வந்து கன்று கேட்டார்கள்.

நிலம் கொடுத்த குடும்பம் என்று அவளுக்கு ஆலைக் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற வேலை கிடைத்தது. அப்போது ஒரே ஒரு கோபுரம்தான். பக்கத்து எண்ணெய் வயல்களிலிருந்து குழாயில் கச்சா எண்ணெய் வந்தது. அவள் பாத்திரத்திலிருந்து டீக்கு உயர்ந்தாள், கட்டுப்பாட்டு அறைக்கு டீ கொண்டுபோய்க் கொண்டுபோய் அங்கிருந்த திரைகளில் எந்த விளக்கு சிவந்தால் எவருக்கு வியர்க்கும் என்று கற்றுக்கொண்டாள். தபாலில் படித்துப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். லாரி வாசலில் சீட்டு எழுதினாள். அதற்குள் ஆலை மூன்று மடங்கு ஆகிவிட்டது. எங்கோ தொலைவில் கடற்கரையில் கப்பல் இறக்குகிற எண்ணெய் ஆயிரம் மைல் குழாயில் வந்தது. மதில் இரண்டு முறை நகர்ந்தது. இரவில் படிக்க விளக்கு வேண்டாத அளவுக்கு ஆலைத் தீயில் வானம் சிவந்தது. பிறகு ஒருநாள், இனி எண்ணெயை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது, புகை குறைய வேண்டும், மூங்கிலுக்குப் போகிறோம் என்றார்கள். ஊரே சிரித்தது. தருலதா சிரிக்கவில்லை. எங்கள் கையில் மிச்சமிருந்த ஒரே பொருளைக் கேட்டு ஆலை முதல்தடவையாக எங்கள் வாசலுக்கு வருகிறது என்பது அவளுக்கு உடனே புரிந்தது. அந்தப் பட்டியலில் தேவ்ஜானைச் சேர்க்க இரண்டு வருஷம் நாயாய் அலைந்தாள்.

அந்தப் பட்டியல்தான் இப்போது சனிக்கிழமை மாலை ஐந்து மணிவரைக்கும் உயிரோடு இருந்தது.

வெள்ளி மாலை நாம்கர் வாசலில் ஊர் கூடியது. நாம்கர் எங்கள் பிரார்த்தனைக் கூடம். வழக்கு, கல்யாணம், சண்டை, சமாதானம் எல்லாம் அங்கேதான். அதன் தலைவர் ஹேமாதர் பரா. அறுபத்தெட்டு வயது, எலும்பும் நாக்குமாக ஒரு மனிதர். ஆலைக்கு நிலம் எடுத்தபோது மண் தள்ளும் இயந்திரத்தின் முன்னால் படுத்தவர். அன்றிலிருந்து ஆலை வாசலை மிதித்ததில்லை. மூங்கில் கொடுக்க மட்டும் ஒத்துக்கொண்டார், அதுவும் லாரி அவர் தோப்புக்கு வர வேண்டும் என்ற நிபந்தனையோடு.

தருலதா நடந்ததை மறைக்காமல் சொன்னாள். குற்றம் தன்னுடையது என்றும் சொன்னாள். சொல்லி முடித்ததும் ஆளுக்கு ஆள் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் குளத்தில் மீன்கூடப் பிடிக்காமல் விட்டோமே என்றாள் ஒருத்தி. கேன்டீன்காரி பேச்சைக் கேட்டால் இப்படித்தான் என்றான் ஒருவன். அவள் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். பிறகுதான் நாளைக்கு ஆறு டன் வேண்டும் என்பதைச் சொன்னாள்.

தேயிலைத் தோட்டத்து ஆட்களைக் கூலிக்கு வைத்து வெட்டலாமே, அவர்களுக்குச் சனி செவ்வாய் கிடையாது என்று ஒருவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"கூலிக்கு ஆள் வெச்சுப் பாவம் பண்ணா, பாவம் கூலி குடுத்தவனுக்குத்தான்டா," என்றார் ஹேமாதர். "இதுகூடத் தெரியாமத்தான் இத்தனை வருஷம் நாம்கருக்கு வந்தியா?"

"யாரும் வெட்ட வேணாம்," என்றாள் தருலதா. "நான் வெட்டறேன். என் கையால, பாவமும் என் தலைக்கு. நீங்க தோப்பை மட்டும் திறந்து விடுங்க."

ஹேமாதர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "லோகேன் எங்க இருக்கான்?"

லோகேன் அவள் கணவன். டேங்கர் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் சாலையில்தான்.

"டீசல் ஏத்திக்கிட்டுத் திரிபுரா போயிருக்காரு மாமா. நாளைக்கு மலை இறங்கணும்."

"புருஷன் மலை ரோட்டுல வண்டி ஓட்டுறான். பொண்டாட்டி சனிக்கிழமை மூங்கில்ல கத்தி வைக்கிறேங்கிறா." அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நீ என்னத்தையாவது பண்ணிக்க. நாங்க எதையும் பார்க்கல."

திறந்து விடுகிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கூட்டம் கலைந்தது.

சனிக்கிழமை விடியும்போது தருலதா தன் வீட்டுப் பின்புறத் தோப்பில் நின்றாள். அப்பா வண்டியில் கொண்டுவந்து நட்ட அதே புதர்கள். பனி சொட்டிக்கொண்டிருந்தது. லோகேனுக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அரிவாளை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். முதல் கழியைத் தொட்டு, "எனக்கு வேற வழி தெரியல" என்று அதனிடமே சொல்லிவிட்டு வெட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. மூங்கில் மற்ற நாட்களில் விழுவதைப் போலவே விழுந்தது. அவள் அடுத்த கழிக்குப் போனாள்.

ஆறு டன் என்றால் இருநூற்று இருபது கழிகளுக்கு மேல் வேண்டும். மூன்று வயதான கழிகளை மட்டும்தான் வெட்டலாம். இளசை வெட்டினால் புதர் செத்துப்போகும். ஏழு மணிக்கு இருபதுகூட ஆகவில்லை. வெட்டுவது ஒரு வேலை என்றால், பின்னிக் கிடக்கிற புதரிலிருந்து உருவி இழுப்பது இரண்டு வேலை. இப்படியே போனால் நாளை மறுநாள்தான் முடியும் என்று தெரிந்தது.

பக்கத்து வீட்டு நிரதா வேலி ஓரமாக வந்து நின்றாள். பிறகு யாரிடமோ வழக்காடுவதைப் போலச் சொன்னாள்: "மண்ணைவிட்டுப் பிரிக்கிறதுதானே பாவம்? விழுந்தது வெறும் கட்டை. கட்டையை இழுக்கிறதுக்கு நாளு கிழமை உண்டா என்ன?"

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் நாலு பெண்கள் வந்தார்கள். கிளை கழிப்பது பாவமா இல்லையா என்று ஒரு சின்னச் சண்டை நடந்தது. விழுந்ததன் கிளைதானே, அது பாவத்தில் சேராது என்று அவர்களே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் வக்கீலுக்குப் படித்திருந்தால் கவுகாத்தி நீதிமன்றத்தில் ஓர் ஆணுக்கும் வேலை இருந்திருக்காது. ஆனால் நிற்கிற கழியை ஒருத்தியும் தொடவில்லை. தருலதா வெட்டி, அது சாய்ந்த பிறகே கை வைத்தார்கள்.

ஒன்பதரைக்கு அவள் தோப்பில் வெட்டக்கூடியது தீர்ந்துபோனது. அறுபத்து மூன்று. உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து அரிவாள் பிடி வழுக்கியது. லோகேனுக்கு மறுபடி போன் போட்டாள். அதே பதில்.

இனி வேறு தோப்புக்குப் போக வேண்டும். யாரும் வா என்று சொல்லாத தோப்புக்குள் சனிக்கிழமை அரிவாளோடு நுழைவது எப்படி? நிரதாவின் வீட்டில் நாலே நாலு புதர்தான், அதுவும் இளசு. ஊரிலேயே பெரிய தோப்பு ஹேமாதருடையது. தெரு வழியாகப் போகக் கூச்சப்பட்டு, குளக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். அவர் கூப்பிட்டுக் கத்தினால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் மனதுக்குள் பேசிப் பார்த்தாள்.

தோப்பில் யாரும் இல்லை. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஆனால் வேலிப்படல் விரியத் திறந்து கிடந்தது.

உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டாள். மூங்கில்களில் துணி கட்டியிருந்தது. ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்த வெள்ளைத் துணி, அதில் சிவப்புக் கரை. ஒவ்வொரு புதரிலும் வெட்டத் தகுந்த மூன்று வயதுக் கழிகளில் மட்டும், ஆள் உயரத்தில், பார்த்துப் பார்த்துக் கட்டியிருந்தது. அது கமோசாத் துணி. நாங்கள் பெரியவர்களுக்குப் போர்த்துவது, சாமிக்குச் சாத்துவது. அதைக் கிழிக்கிறதுக்கு மனசு வராது எங்களுக்கு.

யார் கட்டியது என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அவிழ்ந்துவிடும் என்பதைப் போல ஒரு பயம். வெட்ட ஆரம்பித்தாள்.

அதன் பிறகு ஊர் தன்னாலே நடந்தது. அவள் ஒரு தோப்பை முடித்து அடுத்ததற்குப் போகும்போது அங்கேயும் படல் திறந்திருக்கும், கழிகளில் பழைய சேலைக் கிழிசலோ சாக்குக் கயிறோ கட்டியிருக்கும். வீட்டுக்காரர்கள் முற்றத்தில் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து நெல் புடைப்பார்கள், வலை பின்னுவார்கள். முதுகுக்குப் பின்னால் மூங்கில் முறிகிற சத்தம் கேட்டும் ஒருவர் திரும்பியதில்லை. பதினோராவது தோப்பில் ஒரு கிழவர் திரும்பாமலேயே, "குழியிருக்கு, காலைப் பார்த்து வை" என்றார்.

இரண்டு மணிக்கு வலது கை எழும்பவில்லை. நிரதா மஞ்சளும் எண்ணெயும் வைத்துத் துணி சுற்றிக் கட்டினாள். அவல் ஊறவைத்து வாயில் ஊட்டினாள். நான் ஒரு பத்துக் கழி வெட்டட்டுமா என்று அவள் கேட்கவில்லை, தருலதாவும் எதிர்பார்க்கவில்லை. இடது கையால் வெட்டினாள். இடது கையால் ஒரு கழிக்கு மூன்று வெட்டுக்குப் பதில் எட்டு வெட்டு வேண்டியிருந்தது.

அப்போதுதான் யாரோ வந்து சொன்னார்கள், மலைச் சாலையில் மண் சரிந்திருக்கிறதாம், வண்டிகளெல்லாம் நிற்கிறதாம். டேங்கர் ஒன்றும் மாட்டியிருக்கிறது என்று கேள்வி. சொன்ன ஆளை நிரதா அடிக்காத குறையாக விரட்டினாள். தருலதா அரிவாளைக் கீழே போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்தாள். போனை எடுத்தாள். அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். ஒன்பது தடவை. இன்னும் நாற்பது கழி பாக்கி இருந்தது. எல்லாரும் கிளை கழிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். இவள் இப்போது எழுந்து வீட்டுக்குப் போனால் அது நியாயம்தான் என்று எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது. வெட்டினதை வெட்டாமல் ஆக்க முடியாது, நிறுத்தினால் இரண்டும் கெட்டது என்று அவளுக்குத் தோன்றியது. எழுந்தாள். அழுதுகொண்டேதான் வெட்டினாள், மறைக்கவும் இல்லை.

கடைசி லாரி ஆலை வாசலில் நுழைந்தபோது நாலு ஐம்பத்திரண்டு. எடைமேடையில் ஆறு டன்னுக்குக் கொஞ்சம் மேலேயே காட்டியது. தத்தா கழியின் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரல் சுத்தமாக, ஈரமாக வந்தது. தலையை ஆட்டினார். அவள் கையைப் பார்த்து ஏதோ கேட்க வந்தார், அவள் அதற்குள் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

ஆறே காலுக்குப் போன் அதுவாகவே அடித்தது.

"என்னடி இத்தனை தடவை கூப்பிட்டிருக்க? வீடு எரியுதா?" என்றான் லோகேன். சரிவுக்கு இந்தப் பக்கம் காலையிலிருந்து நிற்கிறார்களாம், சிக்னல் இல்லையாம், பக்கத்து வண்டிக்காரன் கோழிக்குழம்பு வைத்தானாம், உப்பு அதிகமாம். உப்பைப் பற்றி அவன் பேசப் பேச அவள் வாசல் சுவரில் சாய்ந்து தேம்பினாள். என்ன, ஏன் என்று அவன் பதறினான். ஒன்றுமில்லை, நீ உப்பைப் பற்றிச் சொல்லு என்றாள்.

ஞாயிறு விடியலில் மூங்கில் சில்லுகள் உள்ளே போயின. பதினோரு மணிக்குள் எல்லாம் சீராக ஓடியது. தத்தா அவளை அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, தன் கையாலேயே டீ கொடுத்தார். முப்பது வருஷத்தில் அந்த ஆலையில் அவளுக்கு இன்னொருவர் டீ கொடுத்தது அதுதான் முதல்தடவை. பிறகு ஒப்பந்தத் தாளை எடுத்தார்.

"ஒரு நல்லது நடந்துச்சு அக்கா. சனிக்கிழமை வெட்டமாட்டாங்கன்னு எல்லாரும் பயமுறுத்தினாங்க. இப்ப அந்தப் பயம் இல்ல. வாரம் ஏழு நாளும்னு போட்டுடறேன்."

ஒரு நாள் பல்லைக் கடித்துச் செய்தது வாரா வாரம் என்று தாளில் ஏறப்போகிறது. தேவ்ஜானைக் காப்பாற்றுகிறேன் என்று போய், அதன் சனிக்கிழமையை அவளே கொண்டுவந்து இந்த மேஜையில் வைத்துவிட்டாள். டீயை வைத்துவிட்டு எழுந்தாள்.

"அது என்னோட சனிக்கிழமை சார். ஊரோடது இல்ல. நேத்து ஒருத்தரும் வெட்டல. நான் ஒருத்திதான் வெட்டினேன், என் புருஷன் செத்தான்னு நினைச்சுக்கிட்டே வெட்டினேன்." குரல் ஏறியது, அவள் இறக்கவில்லை. "ஏழு நாள்னு எழுதினா அந்தத் தாளை எங்க ஊருல ஒருத்தரும் தொடமாட்டாங்க. நானே தொட விடமாட்டேன்."

தத்தா பேனாவை மூடினார். இயந்திரம் நாள் பார்க்காது என்றார். சனிக்கிழமை அது பட்டினி கிடந்தால் மேலே யாருக்குப் பதில் சொல்வது என்றும் கேட்டார்.

"பட்டினி ஏன் கிடக்கணும்? நாலு நாளைக்கான மூங்கிலை யார்டுல அடுக்கலாம், அதுக்குள்ள பச்சை காயாது. கோடு போட்டு இடம் பிரிச்சதே நான்தான். பாதி இடத்துல பழைய இரும்பைக் கொட்டி வெச்சிருக்கீங்க. அதைக் காலி பண்ணிக் குடுங்க, வெள்ளிக்கிழமையே நிரப்பி வைக்கிறோம்."

அவர் எழுந்து ஜன்னல் வழியாக யார்டைப் பார்த்தார். திரும்பி வந்து, 'ஏழு' என்றிருந்ததை அடித்தார்.

"செவ்வாயையும் அடிங்க சார். அமாவாசையையும்."

"வேற ஏதாவது இருக்கா?" என்றார், கொஞ்சம் எரிச்சலாக, கொஞ்சம் சிரிப்பாக.

"குளத்துல போடக் கூடாதுன்னு எழுதுங்க," என்றாள். "பெருசா எழுதுங்க."

அன்று மாலை அவள் குளித்து, மாற்றுடை உடுத்தி, பித்தளைத் தட்டில் வெற்றிலையும் பாக்கும் வைத்து எடுத்துக்கொண்டு நாம்கருக்குப் போனாள். தப்புச் செய்தவர் சபையின் முன் தட்டை வைத்து மண்டியிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்காதவர் வீட்டு விசேஷத்துக்கு யாரும் போகமாட்டார்கள், அவர்களையும் யாரும் அழைக்கமாட்டார்கள். பட்டியல் தப்பியது என்ற செய்தி ஊருக்கு மதியமே தெரிந்துவிட்டது. ஆனாலும் அவள் உள்ளே வந்தபோது எல்லாரும் விலகி உட்கார்ந்தார்கள். அவளுக்கு வழிவிட்டார்கள். அந்த வழி கொஞ்சம் அதிக அகலமாகவே இருந்தது.

துணி சுற்றிய கைகளால் தட்டை வைத்தாள். மண்டியிட்டாள். எதிரே தலைவர் இடத்தில் ஹேமாதர் உட்கார்ந்திருந்தார்.

"என்ன குத்தம்னு சபைக்குச் சொல்லு."

"சனிக்கிழமை மூங்கில் வெட்டினேன்."

"எத்தனை?"

"இருநூத்தி இருபத்தி நாலு."

"யாரு தோப்புல?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் தோளில் கிடந்த கமோசாவின் ஒரு முனையில் சிவப்புக் கரை இல்லை. கிழித்த நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

"என் தோப்புல அறுபத்தி மூணு," என்றாள். "மத்தது யாரோடதுன்னு நான் பார்க்கல மாமா."

ஹேமாதர் கையை ஊன்றி, முனகிக்கொண்டே எழுந்தார். தலைவர் இடத்தைவிட்டு இறங்கி, தட்டைச் சுற்றி வந்து, அவள் பக்கத்தில் முழங்கால் மடக்கி உட்கார்ந்தார். உட்காருவதற்குள் இரண்டு தடவை தரையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"வெட்டினது அவ," என்றார் சபையிடம். "துணி கட்டினது நான்."

மன்னிப்புக் கொடுக்க வேண்டியவரே மண்டியிட்டுவிட்டதால், அடுத்து என்ன செய்வதென்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு பெண்கள் பக்கத்தில் பாய் நகருகிற சத்தம் கேட்டது, நிரதா வந்து மண்டியிட்டாள். அதன் பின்னால் இன்னொரு பாய்.